'எ டிஃபரன்ட் மேன்': விமர்சகருங்க ஏமாந்துட்டாங்களா, இல்ல நாமளா?

2025 மார்ச் 9, ஞாயிறு ராத்திரி

நம்ம சேலம் அம்மாபேட்டைக்காரர் ஒருத்தர் 'எ டிஃபரன்ட் மேன்'ங்கிற இங்கிலீஷ் படத்தைப் பத்திக் கேட்டிருக்கார், அப்படியே போடுறேன்:

"படம் பாத்தேன். மூஞ்சி பூரா கட்டி இருக்கிற ஒருத்தன், மருந்து சாப்ட்டு அழகாயிடுறான், அழகாயும் நிம்மதி இல்ல. இது நம்ம பாட்டி சொன்ன கதைதானே, முகத்துல என்னடா இருக்கு மனசு சுத்தமா இருந்தா போதும்னு. இதுக்குப் போயி பெர்லின், கோல்டன் குளோப், ஆஸ்கர் நாமினேஷன்னு ஊரே தூக்கி வச்சு ஆடுது. விமர்சகருங்க நல்லா ஏமாந்துட்டாங்கன்னு நான் சொல்றேன். மறுக்கிறவங்க வாங்க."

வந்துட்டேன். படம் பாக்காதவங்க இங்கயே எறங்கிக்கோங்க, நான் முடிவு வரைக்கும் போட்டு ஒடைச்சிடுவேன்.

ஏமாந்துட்டாங்கன்னு ஒரேடியா சொல்ல முடியாதுங்க. 2024 ஜனவரில அமெரிக்காவுல சன்டான்ஸ் படவிழால போட்டாங்க, அடுத்த மாசமே பெர்லின் படவிழால போட்டிப் பிரிவு, அங்க எட்வர்ட்ங்கிற ஹீரோவா நடிச்ச செபாஸ்டியன் ஸ்டானுக்கு தங்கக் கரடி விருது. டிசம்பர்ல கோத்தம் அவார்டுல சிறந்த படம். இந்த ஜனவரில அவருக்கு கோல்டன் குளோப். இத்தனை எடத்துல இத்தனை பேரு ஒரே மருந்தைக் குடிச்சிட்டு மயங்கி இருக்க மாட்டாங்க. ஆனா பாராட்டி எழுதினதை எல்லாம் ஒக்காந்து படிச்சா, பாதிப் பேரு நீங்க சொன்ன பாட்டி கதையைத்தான் கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதியிருக்காங்க. அதை ஒத்துக்கிறேன்.

அதே ராத்திரி, இருபது நிமிஷம் கழிச்சு

தங்கக் கரடி இல்ல, வெள்ளிக் கரடி. தங்கம் படத்துக்கு, நடிப்புக்கு வெள்ளி. 2021ல இருந்து அங்க நடிகர் நடிகைன்னு பிரிக்கிறதும் இல்ல, முதன்மை நடிப்புக்கு ஒண்ணே ஒண்ணுதான். நகைக்கடைக்காரர் ஒருத்தர் இதைத் திருத்தினாரு, செவ்வாப்பேட்டைல இருந்துக்கிட்டு தங்கத்துக்கும் வெள்ளிக்கும் வித்தியாசம் தெரியலயான்னு கேட்டாரு. சரிங்க.

2025 மார்ச் 10

கதையை சுருக்கமா சொல்லிடுறேன், பாதிப் பேரு பாக்காமலே சண்டைக்கு வர்றீங்க.

எட்வர்ட் நியூயார்க்ல ஒரு பழைய அபார்ட்மென்ட்ல இருக்கான். மூஞ்சில கட்டிகள். நடிகனாகணும்னு ஆசை, கெடச்ச வேஷமோ, மூஞ்சி வேற மாதிரி இருக்கிற சக ஊழியர்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு ஆபீஸ்காரங்களுக்கு சொல்லித்தர்ற டிரெயினிங் வீடியோ. பக்கத்து வீட்ல இங்ரிட், நாடகம் எழுதுறவ. அப்புறம் புது மருந்து சோதனைக்குப் போறான், மூஞ்சி கையோட உரிஞ்சு வருது, உள்ள இருந்து சினிமா ஹீரோ. எட்வர்ட் செத்துட்டான்னு சொல்லிட்டு புதுப் பேரோட ரியல் எஸ்டேட்ல எறங்கி நல்லா சம்பாதிக்கிறான். பாத்தா இங்ரிட் அந்த 'செத்த' எட்வர்டை வச்சே நாடகம் எழுதியிருக்கா. இவன் அதுல எட்வர்டா நடிக்கப் போறான், தன் பழைய மூஞ்சியையே முகமூடியாப் போட்டுக்கிட்டு. ஓரளவுக்கு ஓடிக்கிட்டு இருக்கும்போது ஆஸ்வால்ட் உள்ள வர்றான். அதே மாதிரி கட்டிகள் உள்ள மூஞ்சி, ஆனா ஆளு பாடுறான், ஜோக் அடிக்கிறான், போற எடமெல்லாம் ஃபிரண்ட்ஸ். வேஷம் அவனுக்குப் போகுது, இங்ரிட்டும் அவன் பக்கம் போயிடுறா.

இந்த ஆஸ்வால்டா நடிச்சது ஆடம் பியர்சன். அவருக்கு அது மேக்கப் இல்ல, நியூரோஃபைப்ரோமடோசிஸ்ங்கிற மரபணு நோய். அஞ்சு வயசுல தலைல இடிச்சுக்கிட்டு வந்த வீக்கம் போகாம இருந்தப்பதான் தெரிஞ்சதாம். அவரோட ரெட்டைச் சகோதரருக்கும் அதே நோய், ஆனா மூஞ்சில காட்டல, ஞாபக சக்தியை பாதிச்சிருக்கு. ஒரே கருவுல உண்டான ரெண்டு பேரு, ஒரே நோய், ஒருத்தர ஊரே திரும்பிப் பாக்குது, இன்னொருத்தர யாரும் பாக்கல. என்னைக் கேட்டா இதுவே தனிப் படம்.

விமர்சகருங்கள்ல ரொம்பப் பேரு சொன்னது, ஆஸ்வால்ட் வந்ததும் படம் தெளிவாயிடுது, எட்வர்டோட பிரச்சனை மூஞ்சில்ல, அவன்தான் அவனுக்கு எதிரின்னு. நானும் பாத்து முடிச்சதும் அதையேதான் நெனச்சேன். கரெக்டா புடிச்சிருக்காங்க.

2025 மார்ச் 11

ஒருத்தர் உள்பெட்டில கேட்டாரு, உனக்கு எதுக்கு இந்தப் படத்து மேல இவ்ளோ அக்கறைன்னு. சரி, இங்கயே சொல்லிடுறேன்.

எனக்குப் பொறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. ஆறாம் மாசம் ஒரு ஆபரேஷன், மூணு வயசுல ஒண்ணு. தழும்பு மூக்குல இருந்து உதட்டுக்கு நேரா எறங்கும், பேசினா கொஞ்சம் மூக்குல அடிக்கும். ஸ்கூல்ல பேரு முயலு. காரட் வேணுமாடான்னு கேப்பானுங்க, அந்த வயசுல நான் காரட்டே பாத்ததில்ல.

வீட்ல காரணம் சொன்னது கிரகணம். 1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணம், எங்கம்மா அப்ப மாசமா இருந்தாங்க, அருவாமனைல ஏதோ அறுத்துட்டாங்கன்னு எங்க ஆயா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் பொறந்தது ஜூன். உதடு ரெண்டு பக்கமும் வந்து ஒட்டுறது கர்ப்பத்தோட ஆறு ஏழு வாரத்துலயே முடிஞ்சிடும்னு ரொம்ப வருஷம் கழிச்சு டாக்டர் ஒருத்தர் சொன்னாரு. கணக்குப் போட்டுப் பாருங்க, கிரகணத்தப்ப எங்கம்மா அஞ்சு மாசம். அதுக்கு ரொம்ப முந்தியே என் உதடு என்ன ஆகணுமோ ஆயிடுச்சு. இதை எங்கம்மாகிட்ட போய் சொன்னேன். "அப்ப நான் கத்திரிக்கா அறுத்தது தப்பில்லயா"ன்னு கேட்டுட்டு அடுப்பைப் பாத்துத் திரும்பிக்கிட்டாங்க. முப்பது வருஷம் அந்தக் கத்திரிக்காயை சொமந்திருக்காங்க.

பத்தொம்பது வயசுல மீசை நல்லா மொளச்சுது. அதுதான் எனக்கு மருந்து சோதனை. ஆறு மாசத்துல முயலு போயி புது ஆளு. காலேஜ்ல எவனுக்கும் தெரியாது. பழைய கிளாஸ்மேட்டை அஞ்சு ரோட்ல எதிர்ல பாத்தா, தட்டுவடை செட் வாங்குற மாதிரி வண்டிப் பக்கம் ஒதுங்கிடுவேன். எட்வர்ட் செத்துட்டான்னு அவன் சொன்ன சீன்ல நான் சிரிக்கல.

இந்தப் படத்தோட டைரக்டர் ஆரன் ஷிம்பெர்குக்கும் உதட்டுப் பிளவுதான். அது படம் பாத்ததுக்கு அப்புறம்தான் தெரியும். தெரிஞ்சதும் ஒரு தடவை கண்ணாடில போய் நின்னேன், எதுக்குன்னு கேக்காதீங்க.

2025 மார்ச் 15

பத்தாம் தேதி எழுதினதுல கடைசி ரெண்டு வரியை வாபஸ் வாங்குறேன்.

'பிரச்சனை மூஞ்சில்ல, அவன்தான்'னு விமர்சகர் எழுதும்போது யாருக்கு லாபம்னு யோசிச்சேன். முறைச்சுப் பாத்தவன், பஸ்ல பக்கத்து சீட்ல உக்காராதவன், எல்லாரும் ஒரே வரில விடுதலை. ஆஸ்வால்டைப் பாரு, எவ்ளோ ஜாலியா இருக்கான், உனக்கு என்ன கேடு? இதை நான் வீட்லயே கேட்டிருக்கேன்.

என் ஊர் ஆஸ்வால்ட் ஒருத்தரு இருந்தாரு, இப்பவும் இருக்காரு. குகைங்கிற ஏரியாப் பக்கம். என்னை விட எட்டு வயசு மூப்பு. எனக்கு இருக்கிறதை விடப் பெரிய தழும்பு, மீசையை சுத்தமா வழிச்சிட்டு திரிவாரு. வேலை என்ன தெரியுமா, மைக். கோயில் திருவிழா, பாட்டுக் கச்சேரி, தேர்தல் ஆட்டோ, எல்லாத்துலயும் மூக்கால பேசுற அந்தக் குரல்தான். குரலை வச்சே ஊருக்குத் தெரியும். எங்க மாமா வீட்டுக்கு வந்தா போதும், "அவனைப் பாருடா, அவன் என்ன வாயில துணியைக் கட்டிக்கிட்டா திரியிறான்?" அந்த ஆளு எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. ஆனா நான் அவரை வெறுத்த மாதிரி இன்னொருத்தரை வெறுத்ததில்ல. எட்வர்ட் ஆஸ்வால்டைப் பாத்து வேர்க்குறது நடிப்புன்னு நீங்க நெனைக்கலாம்.

அதனால படம் சொல்றது மனசுதான் முக்கியம்னு இல்ல. அப்படிச் சொல்லிட்டு வீட்டுக்குப் போறவனைப் பாத்துதான் படம் சிரிக்குதுன்னு இப்ப தோணுது. அம்மாபேட்டைக்காரரே, நீங்களும் அதுல இருக்கீங்க, நானும் இருக்கேன்.

2025 மார்ச் 16

நம்ம சினிமால இப்படி இல்லயான்னு ரெண்டு பேரு. இருக்கு, ஆனா கணக்கு வேற.

1954ல 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர்.ராதா. குஷ்டம் வந்த ஒருத்தன் கரகர குரல்ல எல்லாரையும் கிண்டல் பண்ணிக்கிட்டே அழுகிப் போறான், கடைசில தன் பொண்டாட்டிக்கு ஃபிரண்டையே கட்டி வைக்கிறான். இதைவிட டார்க் காமெடி வேணுமா? எங்கப்பா வசனம் பூரா மனப்பாடமா சொல்லுவாரு. ஆனா அங்க நோய் தண்டனை, ஆடின ஆட்டத்துக்குக் கூலி. 2015 பொங்கலுக்கு வந்த 'ஐ'லயும் அதே கதைதான், ஹீரோ மூஞ்சியைக் கெடுத்தவங்க மூஞ்சியை ஹீரோ திருப்பிக் கெடுப்பாரு, தியேட்டர்ல விசில். வில்லன்கள் ஒவ்வொருத்தரா உருமாறிக் கெடக்கும்போது பக்கத்துல உக்காந்திருந்த பொடியன் விழுந்து விழுந்து சிரிச்சான், நான் கைய எடுத்து மீசை மேல வச்சுக்கிட்டேன், இருட்டுல.

தண்டனை இல்லன்னா பரிதாபம், நமக்குத் தெரிஞ்சது அந்த ரெண்டு கடைதான். 'எ டிஃபரன்ட் மேன்' ரெண்டு கடையையும் சாத்திட்டு நிக்குது, அதான் சிலருக்கு எரிச்சல்.

இன்னொண்ணு, ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு 1940 'உத்தம புத்திரன்' ஞாபகம் வரும். டி.ஆர்.சுந்தரம் எடுத்தது, பி.யு.சின்னப்பா ரெட்டை வேஷம், அதுலயும் ஒருத்தன் மூஞ்சிக்கு இரும்பு முகமூடி. ஒரே மூஞ்சி ரெண்டு பேருக்கு இருந்தா யாரு யாருங்கிற கேள்வியை நம்ம ஊர்ல அப்பவே படம் புடிச்சிட்டாங்க. இப்ப ஸ்டுடியோ இல்ல, முகப்பு மட்டும் நிக்குது. அட, முகம் மட்டும். நான் வேணும்னு சொல்லல, தானா வந்துடுச்சு.

2025 மார்ச் 23

வின்டர் சோல்ஜரை (மார்வெல் படங்கள்ல ஸ்டான் போடுற வேஷம்) இப்படிப் பண்ணிட்டாங்களேன்னு ஒரு மார்வெல் ரசிகர் அழுதிருக்காரு. தம்பி, கவலைப்படாத, பாதிப் படத்துக்கு மேல அவரு மூஞ்சி அவருதுதான்.

2025 ஏப்ரல் 6

மேக்கப் பத்தின சண்டைக்கு வர்றேன். 'நல்ல மூஞ்சிக்காரனுக்கு கட்டி ஒட்டி நடிக்க வச்சது தப்பு, ஆடம் பியர்சனையே எட்வர்டா போட்டிருக்கலாம்'னு ஓமலூர் தங்கச்சி நீளமா எழுதியிருந்தாங்க. நியாயமான கோபம். ஆனா யோசிச்சுப் பாரும்மா, இதே டைரக்டர் 2018ல 'செயின்ட் ஃபார் லைஃப்'ல பியர்சனைப் போட்டாரு. போட்டா காட்சிப்பொருளாக்குறேம்பாங்க, போடலன்னா வாய்ப்பைப் பறிக்கிறேம்பாங்க. இந்தப் படத்துல ரெண்டையும் ஒரே மேடைல ஏத்தி மோத விட்டுட்டாரு. எட்வர்ட் வேஷத்துக்கு யாருக்கு உரிமை, வாழ்ந்தவனுக்கா, முகம் இருக்கிறவனுக்கா? நீங்க கேட்ட கேள்வியேதான் படத்தோட கதை.

மேக்கப் பண்ணினது மைக் மரினோ, பியர்சன் மூஞ்சியைப் பாத்தே செஞ்சாரு. ஸ்டான் அதைப் போட்டுக்கிட்டு நியூயார்க் தெருவுல நடந்து பாத்திருக்காரு, ஜனம் ஒண்ணு முறைக்குது இல்ல கண்ணைத் திருப்பிக்குது. பெர்லின்ல ஒரு பத்திரிகைக்காரர் கேள்வி கேக்கும்போது அந்தப் பழைய முகத்தை மிருகம்ங்கிற அர்த்தத்துல ஒரு வார்த்தை போட்டாரு, ஸ்டான் அங்கயே அந்த வார்த்தையைப் புடிச்சு கேட்டாரு. படத்தைப் பாத்துட்டு வெளிய வந்த ஆளு அவரு! ரெண்டு நிமிஷத்துல படத்துக்குள்ளயே ஒரு கேரக்டராயிட்டாரு. எனக்கு அந்த அவார்டு லிஸ்ட் பூராவை விட இந்த ஒரு சம்பவம்தான் படத்துக்கு சரியான விமர்சனம். அப்புறம் ஆஸ்கர்ல இந்தப் படத்துக்குக் கெடச்சது மேக்கப்புக்கு மட்டும் ஒரு நாமினேஷன், அதுவும் 'தி சப்ஸ்டன்ஸ்'க்குப் போயிடுச்சு. ஸ்டானுக்கு நடிப்புக்கு நாமினேஷன் வந்தது வேற படத்துக்கு, டிரம்ப்பா நடிச்சதுக்கு. எந்த மூஞ்சிக்கு மார்க் போடுறாங்கன்னு பாத்துக்கோங்க.

என் தொழில் சொல்லாம விட்டுட்டேன். போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம், பாஸ்போர்ட் சைஸ், பேனர் டிசைன். ஒரு நாளைக்கு முப்பது மூஞ்சியாவது டச்சப். பரு, மச்சம், கண்ணுக்குக் கீழ கருப்பு, 'ஃபேஸ் கொஞ்சம் லைட்டாக்குங்கண்ணா'. ஒரு தடவை ஒரு பையன் சர்ட்டிபிகேட்டோட வந்தான், அப்ளிகேஷனுக்கு போட்டோ. அவன் அங்க அடையாளத்துல 'இடது கன்னத்தில் மச்சம்'னு இருக்கு. நான் பழக்க தோஷத்துல கன்னத்தைத் தொடச்சு அனுப்பிட்டேன். திரும்பி வந்து நிக்கிறான், "அண்ணா, நான் நான்தான்னு காட்டுறதுக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

என் எஸ்.எஸ்.எல்.சி. புக்ல முதல் அடையாளம், 'மேல் உதட்டில் தழும்பு'. அரசாங்கக் கணக்குப்படி நான் யாருன்னா அதான். அதை இருபத்தஞ்சு வருஷமா மீசைக்கு உள்ள வச்சிருக்கேன்.

2025 மே 25

ஏற்காட்டுல இருந்து. கோடை விழாக் கூட்டத்துல மாட்டிக்கிட்டோம், இருபது கொண்டை ஊசியும் வண்டி நவுரல, ஏரிப் பக்கம் போகவே முடியல. ஃபிரண்டு காப்பித் தோட்டத்துல சூப்பர்வைசர், அவன் குவார்ட்டர்ஸ்ல உக்காந்து லேப்டாப்ல இன்னொரு தடவை பாத்தோம். வெளிய மழை, கூரை ஒழுகி பக்கெட்ல சொட்டுது. எட்வர்ட் வீட்லயும் கூரை ஒழுகி ஓட்டை பெருசாயிட்டே போகும்ல, ரெண்டு பேரும் ஸ்கிரீனைப் பாக்குறதா மேல பாக்குறதான்னு தெரியாம சிரிச்சோம்.

முதல் தடவை தனியா பாத்தப்ப இது சோகப் படம். ரெண்டு பேரா பாத்தா காமெடி. கோல்டன் குளோப்காரங்க காமெடிப் பிரிவுல சேத்ததை மார்ச்ல சிலர் கிண்டல் பண்ணினீங்க, நானும் லைக் போட்டேன். அதையும் வாபஸ்.

முடிவுதான் இன்னும் குத்துது. எல்லாம் போயி, ஒருத்தரைக் கத்தியால குத்தி ஜெயிலுக்கும் போயிட்டு, வருஷங்கழிச்சு வெளிய வந்தவனை ஆஸ்வால்ட் தெருவுல பாத்து கட்டிப் புடிச்சு ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறான், சாப்பாட்டு மேசைல, நீ கொஞ்சம் கூட மாறலயேங்கிற மாதிரி பாசமா சொல்லுவான். திட்டியிருந்தா கூட தேவலாம். என் ஃபிரண்டு, பதினெட்டு வருஷப் பழக்கம், அந்த எடத்துல திரும்பி, "டேய், உனக்கு மீசைக்குக் கீழ ஏதோ இருக்குன்னு எனக்கு முதல் நாளே தெரியும்டா"ன்னான். நான் காப்பி போடப் போயிட்டேன்.

2025 ஆகஸ்ட் 10

இழை செத்துடுச்சுன்னு நெனச்சீங்களா. ஆடித் திருவிழா, ஊரே குகைல. வண்டி வேடிக்கை பாக்காதவங்களுக்கு, வண்டியை ஜோடிச்சு, அதுல ஆளுங்க முருகன், சிவன், அம்மன்னு வேஷம் கட்டி அசையாம நிப்பாங்க, பத்து மணி கூட்டம் ராத்திரி ரெண்டு மணிக்கும் கலையாது. எங்க தெரு எலக்ட்ரீஷியன் சிவனா நின்னான். காலைல அவன்கிட்ட ஃபேன் ரிப்பேருக்கு நூறு ரூபா பேரம் பேசினவங்களே கையெடுத்துக் கும்புடுறாங்க. அவனும் கண்ணை சிமிட்டாம ஆசீர்வாதம் பண்றான். நடிப்பா நிஜமான்னு எவனும் கேக்கல. நியூயார்க்ல இதுக்கு ஒரு நாடகம், ஒரு கத்திக்குத்து எல்லாம் தேவைப்பட்டுச்சு.

மைக்ல யாருன்னு சொல்லணுமா. என் ஆஸ்வால்ட். ஐம்பத்தி மூணு வயசுலயும் அதே மூக்குக் குரல், அதே வழிச்ச உதடு. எறங்கி வந்து தோள்ல கை போட்டாரு, "ஸ்டுடியோ தம்பிதானே, நாளைக்குக் கடைக்கு வர்றேன், வேலை இருக்கு."

2025 ஆகஸ்ட் 17

வந்தாரு.

வேலை என்னன்னா பேரன் காது குத்து. எட்டுக்கு ஆறு ஃப்ளெக்ஸ், நடுவுல பேரன், ஓரத்துல தாத்தா. போட்டோவைக் கொடுத்துட்டு பெஞ்சுல உக்காந்தாரு. நான் திறந்து லைட்டெல்லாம் ஏத்திட்டு, உதட்டுப் பக்கம் மட்டும் கை வைக்காம விட்டேன். மரியாதைன்னு நெனச்சு. அஞ்சு மாசமா இங்க எழுதிக் கிழிச்சவன்ல நான்.

எட்டிப் பாத்தாரு. "ஏன் தம்பி, அதை விட்டுட்ட? எடுத்துடு."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "அண்ணே, நீங்க எப்பவும் அதை மறைச்சதே இல்லயே?"

"மறைக்கிறதா? ஊர்ல எவன் பேனர்லடா அவனவன் மூஞ்சி இருக்கு? கவுன்சிலரு பேனர்ல இருபது வயசு கொறஞ்சு சிரிக்கிறாரு, நான் மட்டும் எதுக்கு அசலா நிக்கணும்? அப்படியே முடியையும் கொஞ்சம் கருப்பாக்கு."

ஆஸ்வால்டைப் பத்தி அம்மாபேட்டைக்காரர், விமர்சகருங்க, நான், எங்க மாமா, எல்லாரும் எழுதினதையும் சொன்னதையும் இதுக்கு எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. எடுத்துட்டேன். ரெண்டு நிமிஷ வேலை, என் கைக்கு நல்லாப் பழகின எடம்.

பாத்துட்டு திருப்தியா தலையாட்டினாரு, அப்புறம் என் மூஞ்சியை ஒரு நிமிஷம் பாத்தாரு. "உனக்கு இந்த மீசை நல்லாருக்குடா"ன்னாரு.

ஃப்ளெக்ஸ் குகை முக்குல தொங்குது, போறவங்க பாத்துக்கோங்க. டிசைன் காசு 250 இன்னும் வரல.